சங்கு ஊதிய ஊரும் ஊதாத கரைகளும்

குவாடலூப் ஆறு டெக்சாஸ் மாநிலத்தின் நடுவிலுள்ள சுண்ணாம்புக்கல் குன்றுகளில் பிறக்கிறது. வடக்குக் கிளை, தெற்குக் கிளை என்று இரண்டாக ஓடிவந்து ஹன்ட் என்ற சிற்றூரில் ஒன்றுசேர்கிறது. பிறகு இங்ரம், கெர்வில், சென்டர் பாயின்ட் ஊர்களைக் கடந்து கம்ஃபர்ட்டுக்குப் போகிறது. முதல் நான்கு ஊர்களும் கெர் கவுண்டியைச் சேர்ந்தவை. கம்ஃபர்ட் பக்கத்துக் கவுண்டியான கெண்டலில் இருக்கிறது. 2025 ஜூலை 4 அதிகாலை இந்த ஆற்றில் வந்த வெள்ளம் கெர் கவுண்டியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. கம்ஃபர்ட்டில் ஒருவரும் சாகவில்லை.

இதை மட்டும் வைத்து உடனே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. கம்ஃபர்ட் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் அங்கே பெருவெள்ளம் பொழுது விடிந்து வெகுநேரம் கழித்தே வந்து சேர்ந்தது. ஆற்றின் மேற்பகுதியில் இருந்தவர்களுக்குக் கும்மிருட்டில் சில நிமிடங்களே கிடைத்தன. ஆனால் கம்ஃபர்ட்டிடம் நேரத்தோடு இன்னொன்றும் இருந்தது. ஆபத்து வந்தால் ஊரையே எழுப்பும் சங்கு. கெர் கவுண்டியின் ஆற்றங்கரையில் அப்படி ஒன்று இருக்கவில்லை. அதைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசி, செலவுக் கணக்குப் பார்த்து, நிதிக்கு விண்ணப்பித்து, கடைசியில் கிடப்பில் போட்டிருந்தார்கள்.

டெக்சாஸில் 254 கவுண்டிகள். நம்மூர் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவுதான் கவுண்டி. ஆனால் பெரும்பாலானவற்றில் மக்கள்தொகை மிகக் குறைவு. கெர் கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 2,860 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசித்தவர்கள் 52 ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் பாதியளவினர் கெர்வில் நகரில் இருக்கிறார்கள். மற்றவர்கள் பண்ணைகளிலும் குன்றுச் சரிவுகளிலும் ஆற்றோரத்திலும் சிதறி வாழ்கிறார்கள். நாலில் ஒருவருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆறும் மலையும் பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கலாம் என்று வந்து குடியேறியவர்கள் நிறையப் பேர். கோடையில் இவர்களோடு இன்னொரு கூட்டம் சேரும். குழந்தைகளுக்கான கோடை முகாம்கள் ஆற்றை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. சில முகாம்கள் நூறாண்டுப் பழமை உடையவை. ஆர்.வி. எனப்படும் வண்டி வீடுகளில் வந்து தங்குபவர்களுக்கான திடல்களும் தண்ணீரை ஒட்டியே அமைந்திருக்கின்றன. ஜூலை 4 அமெரிக்க விடுதலை நாள். அந்த ஆண்டு அது வெள்ளிக்கிழமையில் வந்து நீண்ட வார இறுதியாகிவிட, இந்த ஆற்றின் குணம் தெரியாத விருந்தினர்களால் கரை நிறைந்திருந்தது.

குணம் என்று சொல்லக் காரணம் உண்டு. டெக்சாஸின் இந்தப் பகுதிக்குத் ‘திடீர் வெள்ளச் சந்து’ என்று பட்டப்பெயரே இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று, பால்கோன்ஸ் செங்குத்துச் சரிவு என்ற நிலமேட்டில் மோதி மேலெழும்பி மழையாகக் கொட்டுகிறது. விழும் மழையை வாங்கிக்கொள்ள அங்கே மண் போதாது. சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிய மண் படலம், சரிவுகளில் ஆங்காங்கே ஜூனிப்பர் புதர்கள், அவ்வளவுதான். தண்ணீர் நிலத்துக்குள் இறங்காமல் ஓடையில் விழுந்து, ஓடையிலிருந்து ஆற்றில் பாய்கிறது. 2025 கோடையில் கெர் கவுண்டி கடும் வறட்சியில் வேறு இருந்தது. காய்ந்து இறுகிய நிலம் மழையை அப்படியே வழித்து அனுப்பியது. ஜூன் இறுதியில் மெக்சிகோவில் கரையேறிய பாரி என்ற புயலின் எஞ்சிய ஈரம் இந்தக் குன்றுகளின் மேல் வந்து நின்றது. சில இடங்களில் ஒரு சில மணி நேரத்திலேயே 10 அங்குலத்துக்கு மேல் மழை. ஆறு முக்கால் மணி நேரத்தில் 26 அடி உயர்ந்ததாக மாநில அரசு அறிவித்தது. ஹன்ட் ஊரின் அளவுமானியில் பதிவான உச்சம், 1932-ஆம் ஆண்டின் பெருவெள்ள மட்டத்தையே தாண்டியது.

1932-க்கும் 2025-க்கும் இடையில் ஆறு சும்மா இருக்கவில்லை. 1978 ஆகஸ்டில் அமீலியா புயலின் மிச்சம் இந்த மலைநாட்டைப் புரட்டிப் போட்டது. 1987 ஜூலை 17 அன்று நடந்ததை அந்தப் பகுதியில் வயதானவர்கள் இன்றும் மறக்கவில்லை. கம்ஃபர்ட்டுக்கு அருகிலிருந்த ஒரு முகாமிலிருந்து தேவாலயப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெளியேறிய பேருந்தும் வேனும் வெள்ளத்தில் சிக்கின. அவற்றில் இருந்த 43 பேரில் பத்துப் பதின்வயதினர் இறந்தார்கள். ஆபத்து வருகிறது என்று தெரிந்து கிளம்பியவர்கள்தான் அவர்கள். தேர்ந்தெடுத்த வழி தாழ்வான சாலை வழியாகப் போனது.

எனவே 2025-இல் நடந்ததை எவரும் எதிர்பாராத பேரிடர் என்று சொல்வது உண்மைக்கு மாறானது.

2015 மே மாதம் அதே மலைநாட்டில், பிளாங்கோ ஆற்றங்கரையிலுள்ள விம்பர்லி ஊரில் இரவில் வந்த வெள்ளம் வீடுகளை அடித்துச் சென்றது. அதன் பிறகு கெர் கவுண்டி ஆணையர் மன்றத்தில் சங்கு பற்றிய பேச்சு சூடுபிடித்தது. ஆற்றில் அளவுமானிகளும் கரையில் சங்குகளும் அமைக்கும் திட்டத்துக்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். ஆணையர்களில் சிலருக்கு அது ஆடம்பரமாகத் தெரிந்தது. நள்ளிரவில் அலறும் சங்கு ஊரின் அமைதியைக் கெடுக்கும் என்ற பேச்சும் எழுந்தது. மேல்கரை முகாமில் இருப்பவர் கீழ்கரை முகாமுக்குத் தொலைபேசியில் தண்ணீர் வருவதைச் சொல்லிவிடும் பழைய பழக்கம் இருக்கிறதே என்றும் வாதிட்டார்கள். 2017-இல் கூட்டாட்சிப் பேரிடர் முகமையின் நிதி கேட்டு மாநில அரசின் வழியாக விண்ணப்பம் போனது, கிடைக்கவில்லை. கோவிட் காலத்துக்குப் பிறகு கூட்டாட்சி நிவாரண நிதியாக ஒரு கோடி டாலருக்கு மேல் கவுண்டிக்கு வந்தது. அதில் பெரும்பகுதி ஷெரிப் துறையின் வானொலித் தொடர்புக் கருவிகளுக்குப் போனது. அந்தச் செலவு வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் வெள்ள எச்சரிக்கைக்கு அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. வரியை உயர்த்தி இதைச் செய்ய மக்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதே நிர்வாகத்தின் விளக்கம். சின்ன கவுண்டிகளின் பெரிய சிக்கல் இது. ஆபத்து பெருநகரத்துக்கு உள்ள அளவு. கஜானா சிற்றூருக்கு உள்ள அளவு.

இப்போது அந்த இரவுக்கு வரலாம்.

வானிலைக்காரர்கள் தூங்கிவிட்டார்கள் என்று முதல் சில நாட்கள் பலர் எழுதினார்கள். பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. ஜூலை 3 பிற்பகல் 1.18-க்கே தேசிய வானிலைச் சேவையின் ஆஸ்டின்–சான் அன்டோனியோ அலுவலகம் திடீர் வெள்ளத்துக்கான முன்னறிவிப்பை வெளியிட்டது. இரவுப் பணிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலான ஆட்கள் இருந்தார்கள். நள்ளிரவு தாண்டி 1.14-க்குத் திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தது. கைப்பேசிகளை அலறவைக்கும் வகையைச் சேர்ந்தது அது. 4.03-க்கு அதன் உச்சக்கட்டமான வெள்ள அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்குக் குறையில்லை.

குறை அதற்கு அடுத்த கட்டத்தில் இருந்தது. பள்ளத்தாக்கின் பல இடங்களில் கைப்பேசிக் கோபுர வீச்சு கிடையாது. முகாம் பிள்ளைகளிடம் கைப்பேசியே இல்லை. வீச்சு இருந்த இடங்களிலும் ஒலியை அடக்கி வைத்துவிட்டு உறங்கியவர்கள் உண்டு. சின்ன மழைக்கெல்லாம் வந்து வந்து அலுத்துப்போன எச்சரிக்கைதானே என்று அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தவர்களும் உண்டு. அதிகாலை 4.22-க்கு இங்ரம் பகுதித் தன்னார்வத் தீயணைப்பு வீரர் ஒருவர் கவுண்டியின் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, ஹன்ட் மக்களுக்குக் கோட்ரெட் என்ற தொலைபேசி எச்சரிக்கையை அனுப்ப முடியுமா என்று கேட்டார். மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று பதில் வந்தது. சிலருக்கு அந்தச் செய்தி ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்தது. சிலருக்குக் காலை பத்து மணிக்கு மேல். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. ஜூலை 31 அன்று கெர்வில்லுக்கே வந்து விசாரித்த மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன், கவுண்டியின் பேரிடர் ஒருங்கிணைப்பாளர் அந்த இரவில் உடல்நலமில்லாமல் படுத்திருந்ததாகச் சொன்னார். ‘கவுண்டி நீதிபதி’ என்று அழைக்கப்படும் நிர்வாகத் தலைவர் வெளியூரில் ஏரிக்கரை வீட்டில் இருந்தார். முடிவெடுக்க வேண்டியவர்களும் மக்களைப் போலவே உறக்கத்தில் இருந்திருக்கிறார்கள்.

முகாம்களில் நடந்தது இன்னும் நெஞ்சை அறுப்பது. 1926-இல் தொடங்கப்பட்ட கேம்ப் மிஸ்டிக் என்ற சிறுமியர் முகாமில் பிள்ளைகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களுமாக 27 பேர் இறந்தார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றப் போன முகாம் தலைவர் டிக் ஈஸ்ட்லேண்டும் வெள்ளத்தில் போனார். இரண்டே நாள் முன்பு மாநிலச் சுகாதாரத் துறை அங்கே ஆய்வு செய்து, பேரிடர்த் திட்டம் எழுத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போயிருந்தது. அந்த முகாமின் பல கட்டடங்கள் கூட்டாட்சி வெள்ள வரைபடத்தில் ஆபத்துப் பகுதிக்குள் இருந்தன. முகாமின் மேல்முறையீடுகளை ஏற்று 2013 முதல் 2020 வரை 30 கட்டடங்களை அந்தப் பகுதியிலிருந்து கூட்டாட்சிப் பேரிடர் முகமை விலக்கியது. காகிதத்தில் கோடு நகர்ந்தது, ஆறு நகரவில்லை.

அதே ஹன்ட் பகுதியில் மோ-ராஞ்ச் என்ற கிறித்தவ முகாமும் இருக்கிறது. அதன் பராமரிப்பாளர் நள்ளிரவு ஒரு மணி வாக்கில் எழுந்து ஆற்றைப் பார்த்திருக்கிறார். தண்ணீர் ஏறுவது தெரிந்ததும் மேலே இருந்தவர்களுக்குச் சொல்லி, கரையோரக் கட்டடத்தில் படுத்திருந்த பிள்ளைகளும் பெரியவர்களுமாக ஏறத்தாழ 70 பேரை எழுப்பி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். சங்கும் இல்லை, கருவியும் இல்லை. ஆற்றை ஒரு மனிதர் கண்ணால் பார்த்தார், பார்த்தவர் சொன்னதை மற்றவர்கள் நம்பினார்கள், போகவேண்டிய இடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் பிழைத்தார்கள்.

பேரிடர் ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருவதும் ஏறக்குறைய இதைத்தான். டென்னிஸ் மிலெட்டி, ஜான் சோரென்சன் இருவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை எச்சரிக்கைத் துறையில் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. எச்சரிக்கை கேட்டதும் யாரும் அலறியடித்து ஓடுவதில்லை என்று அவர்கள் காட்டினார்கள். கேட்டவர் முதலில் சன்னலைத் திறந்து பார்க்கிறார், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிறார், வேறு யாராவது கிளம்புகிறார்களா என்று கவனிக்கிறார். உண்மைதானா என்று உறுதிசெய்துகொள்ளும் இந்த நேரம் மனித இயல்பு. புயலுக்கு இரண்டு நாள் அவகாசம் இருப்பதால் அது பெரிய பாதகம் இல்லை. காட்டாற்று வெள்ளத்தில் அந்தப் பத்து நிமிடமே உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கிறது. அந்த நேரத்தைக் குறைக்க ஒரே வழி, யோசிக்க வேண்டியதை முன்பே யோசித்து வைப்பது.

கொலராடோ மாநிலத்தின் லாரிமர் கவுண்டியில் 1976 ஜூலை 31 மாலை நடந்தது இதற்குச் சான்று. பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் ஒரே மாலையில் கொட்டிய மழை 144 பேரைக் கொன்றது. அதுவும் விடுமுறை வார இறுதி. பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றுலா வந்தவர்கள். ஈவ் கிரன்ட்ஃபெஸ்ட் என்ற புவியியலாளர், பிழைத்தவர்களும் இறந்தவர்களும் அந்த மாலையில் என்னென்ன செய்தார்கள் என்று ஆராய்ந்தார். காரில் ஏறிச் சாலை வழியாகத் தப்பிக்கப் பார்த்தவர்கள் அதிகம் இறந்திருந்தார்கள். காரை விட்டுவிட்டு பக்கத்துச் சரிவில் காலால் ஏறியவர்கள், இரவெல்லாம் மழையில் நனைந்தாலும் பிழைத்திருந்தார்கள். இன்று அமெரிக்க மேற்கின் மலைச்சாலைகளில், வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள் என்று சொல்லும் பலகைகளைப் பார்க்கலாம். பிக் தாம்சன் வெள்ளத்துக்குப் பிறகு வந்த பலகைகள் அவை.

குடும்பங்களின் ஆயத்தம் என்றதும் அரசு விளம்பரங்கள் காட்டுவது ஒரு பையை. மூன்று நாளுக்குத் தண்ணீர், உணவு, மருந்து, டார்ச் விளக்கு, ஆவணங்களின் நகல். அந்தப் பை தேவைதான். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸ் முழுக்க மின்சாரம் போய், குடிநீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தபோது, வீட்டில் சேமிப்பு வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள். மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் அந்தக் குளிர்காலப் பேரிடரில் இறந்தார்கள். ஆனால் குவாடலூப் கரையில் ஜூலை 4 அதிகாலை அந்தப் பையைத் தேடிக்கொண்டிருந்தவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார். ஒரே கவுண்டியில் வறட்சி, காட்டுத்தீ, பனி, வெள்ளம் நான்கும் வரும்போது எதற்கு என்ன ஆயத்தம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பொதுவான பட்டியல் அதைச் செய்வதில்லை.

வெள்ளத்துக்கான ஆயத்தத்தில் முதலில் வருவது தூக்கத்திலிருந்து எழுப்பும் ஏற்பாடு. தேசிய வானிலைச் சேவையின் அறிவிப்புகளை நேரடியாக வாங்கும் சிறு வானொலிப் பெட்டி அமெரிக்கக் கடைகளில் 30 டாலரிலிருந்து கிடைக்கிறது. அதில் நம் கவுண்டியின் குறியெண்ணைப் பதித்துவிட்டால் மற்ற நேரமெல்லாம் வாய்மூடி இருக்கும். அந்தக் கவுண்டிக்கு எச்சரிக்கை வந்தால் மட்டும் காதைக் கிழிக்கிற மாதிரி அலறும். கைப்பேசிக் கோபுரம் வேண்டாம், இணையம் வேண்டாம். மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும். கோபுர வீச்சு எட்டாத பள்ளத்தாக்கில் இதைவிட மலிவான காவல் கிடையாது. அடுத்தது, வீடு நிற்கும் இடத்தின் உயரமும் அங்கிருந்து நடந்தே போகக்கூடிய மேடும். இருட்டில், மழையில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எத்தனை நிமிடத்தில் அங்கே போகலாம் என்று ஒருமுறை நடந்து பார்த்தவருக்கே அது தெரியும். நடந்து என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அமெரிக்காவில் வெள்ளத்தில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் வாகனங்களோடு போனவர்கள். ஆறு அங்குல நீரோட்டம் ஆளை வீழ்த்தும். ஓரடி நீர் சிறிய காரை மிதக்கவைக்கும். இரண்டடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும்.

மூன்றாவது, பலரும் தள்ளிப்போடும் பணக்கணக்கு. அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. தனியாகப் பாலிசி எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் பொதுவாக 30 நாள் கழித்தே அது செல்லுபடியாகும். கெர் கவுண்டியில் நூற்றுக்கு இரண்டு மூன்று வீடுகளுக்குத்தான் அப்படியொரு பாலிசி இருந்தது. ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற பேச்சும் இதற்கு ஒரு காரணம். நூறு ஆண்டுக்கு ஒருமுறைதானே, போன வெள்ளம் நம் காலத்தில்தானே வந்தது, இனி வராது என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அது ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அந்த வெள்ளம் ஒருமுறையாவது வர நாலில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பிருக்கிறது. விமானத்தில் ஏறும் முன் நாலில் ஒன்று விழும் என்று சொன்னால் யாரும் ஏறமாட்டார்கள்.

தனிவீடுகள் எவ்வளவு ஆயத்தமாக இருந்தாலும் வண்டி வீட்டில் ஒரு நாள் தங்கவந்த குடும்பத்துக்கு அது உதவாது. அவர்களிடம் வானொலிப் பெட்டி இருக்காது, மேடு எந்தப் பக்கம் என்று தெரியாது. அவர்களை எழுப்ப ஊர் பொதுவாக ஏதாவது வைத்திருக்க வேண்டும். கம்ஃபர்ட் செய்தது அதைத்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் அந்த ஊரில் தன்னார்வத் தீயணைப்புத் துறை பல இடங்களில் பணம் திரட்டி, சங்கு ஏற்பாட்டைப் புதுப்பித்தது. அதை ஓடையிலுள்ள அளவுமானியோடு இணைத்தார்கள். தண்ணீர் குறித்த மட்டத்தைத் தொட்டால் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் சங்கு தானே ஊதும். வெறும் கருவியோடு அவர்கள் நிற்கவில்லை. நண்பகலில் ஊதினால் அது சோதனை; வேறு நேரத்தில் ஏற்ற இறக்கமில்லாமல் நீண்டு ஒலித்தால் வெள்ளம், வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். இந்த வேறுபாட்டை மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். ஜூலை 4 அன்று சங்கு ஊதியபோது தீயணைப்பு வீரர்கள் வீடுவீடாகவும் போய்க் கதவைத் தட்டினார்கள்.

2025 செப்டம்பரில் டெக்சாஸ் ஆளுநர் கிரெக் ஆபட் புதிய சட்டங்களில் கையெழுத்திட்டார். வெள்ளச் சமவெளியில் பிள்ளைகள் தூங்கும் குடில்கள் இருக்கும் முகாமுக்கு இனி உரிமம் கிடையாது. பேரழிவுக்குள்ளான கவுண்டிகளில் வெள்ளம் பாயும் இடங்களில் சங்கு அமைக்க மாநில நிதி உண்டு. இவை நல்ல சட்டங்கள். இறந்த பிள்ளைகளின் பெற்றோர் சட்டமன்றத்தில் கண்ணீரோடு நின்று பெற்றுத்தந்தவை. பத்து ஆண்டுக்கு முன் 10 லட்சம் டாலர் அதிகம் என்று தோன்றிய இடத்தில் இப்போது கோடிக்கணக்கில் ஒதுக்குகிறார்கள்.

எல்லா ஆற்றங்கரைகளிலும் சங்குகள் நட்டு முடிய நாளாகும். அதுவரையிலும் அதற்குப் பிறகும், ஆற்றோரம் எங்கே தங்கினாலும் இருட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இரவில் தண்ணீர் ஏறினால் நம்மை யார் எழுப்புவார்? காரில்லாமல் போகக்கூடிய மேடு எது? அதற்கு வழி எந்தப் பக்கம்? விடுதிக்காரருக்கு விடை தெரியாவிட்டால் அறையை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஊரை மாற்றிக்கொள்ளுங்கள்.